‘ஒண்டுமில்லைப் பிள்ளை’ என்று சொல்லாதீர்கள்
மைலோமாவும் ஸ்டெம் செல் சிகிச்சையும்: வாசகர் கேள்வி பதில்

மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய் பற்றியும் அதற்குச் செய்கிற ஸ்டெம் செல் (இரத்தக் கலங்களை உண்டாக்குகிற மூலக் கலம்) மாற்றுச் சிகிச்சை பற்றியும் கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழுக்கென்று ஒன்றாக எடுத்து வைத்தேன். முதலே சொல்லிவிடுகிறேன், நான் டொக்டர் அல்ல. மாற்றுச் சிகிச்சை வாட்டில் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி. எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பது உங்களைப் பார்க்கிற வைத்தியரின் பாடு. கட்டிலடியில் நடப்பது என்னுடைய பாடு.

கேள்வி: அன்பின் சிஸ்டர், அப்பாவுக்கு 61 வயது. முதுகு நோ என்று நெடுநாளாக எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். பிறகுதான் மைலோமா என்று தெரியவந்தது. தெல்லிப்பழையில் ஊசி மருந்துகள் முடிந்துவிட்டன. இப்போது ஸ்டெம் செல் சிகிச்சைக்குக் கொழும்புப் பக்கம் அனுப்பப் போகிறார்கள். இது பெரிய ஒப்பரேசனா? அப்பாவோடு நிற்கப் போகிறவள் நான்தான். என்ன செய்ய வேண்டும்? (கோண்டாவில் வாசகி)

பதில்: கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, பிள்ளை. எண்ணெய் தடவியதற்காக மனம் வருந்தவும் வேண்டாம். இந்த நோய் பலருக்கு முதுகு நோவாகத்தான் தொடங்குகிறது. அந்த வயதில் முதுகு நோகாத ஆள் யார்?

எங்கள் எலும்பின் நடுவில் இருக்கிற என்பு மச்சைக்குள் பிளாஸ்மா கலங்கள் என்று ஒரு வகை இருக்கின்றன. நோயை எதிர்க்கும் புரதங்களைச் செய்வது அவற்றின் வேலை. அவை கட்டுமீறிப் பெருகினால் அதுதான் மைலோமா. எலும்பு அரிபடும், எலும்பிலிருந்து கல்சியம் இரத்தத்தில் கரையும், சிறுநீரகம் அடிபடும், இரத்தம் குறையும். அப்பாவுக்கு இதுவரை தந்த மருந்துகள் அந்தக் கலங்களின் தொகையைக் குறைத்திருக்கும். இனி வருவதைத் தோட்டக்காரன் பாஷையில் சொல்கிறேன்: களையோடு பயிரையும் சேர்த்து உழுதுவிட்டு, முன்கூட்டியே எடுத்து வைத்த விதையைத் திரும்பப் போடுகிறார்கள். உழுகிற மருந்தின் பெயர் மெல்ஃபலான். விதை அப்பாவின் சொந்த ஸ்டெம் செல்கள்.

முதலில் நாலைந்து நாள் ஓர் ஊசி போடுவார்கள். அது மச்சையில் இருக்கிற ஸ்டெம் செல்களை இரத்தத்துக்குள் தள்ளிவிடும். இடுப்பும் முதுகும் உளையும். பயப்பட வேண்டாம், அந்த ஊசியின் குணம் அது. பிறகு ஒரு மெஷினில் சில மணித்தியாலம் படுக்க வைத்து, இரத்தத்தை வெளியே எடுத்து, வேண்டிய கலங்களை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி ஏற்றுவார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 இலட்சம் கலங்கள் வேண்டும். ஒரு நாளில் சேராவிட்டால் அடுத்த நாளும் எடுப்பார்கள். அந்த மெஷினில் இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கிற மருந்து கல்சியத்தைக் குறைக்கும். உதடும் விரல் நுனியும் விறுவிறுத்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். கல்சியம் கொடுத்தால் நின்றுவிடும். சொல்லாவிட்டால் கை கால் இழுக்கும் வரைக்கும் போகும்.

அடுத்தது மெல்ஃபலான். அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்து, எடுத்து வைத்த கலங்களை நெஞ்சில் போட்ட குழாய் வழியாக ஏற்றுவார்கள். பலருக்கு ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது. ஊரிலிருந்து ‘மாத்தி முடிஞ்சுதோ?’ என்று போன் வரும். முடிந்தது என்று சொல்லாதீர்கள். அப்போதுதான் தொடங்குகிறது.

முதல் நாலைந்து நாள் அப்பா கதிரையில் இருந்து பேப்பர் வாசிப்பார். பிறகு வெண்கலங்கள், அதாவது கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை இரத்தக் கலங்கள், குறைந்து விழும், வாய் புண்ணாகும், வயிற்றோட்டம் வரும், சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். பத்தாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையில் கலங்கள் முளைத்து எண்ணிக்கை ஏறத் தொடங்கும். இடையில் உள்ள அந்த நாட்களில் ஆளைக் காப்பாற்றுவது பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணும் உடனே சொல்கிற வாயும்தான்.

இங்கேதான் எங்கள் ஆட்களோடு எனக்குப் பெரிய சண்டை. நோவைச் சொல்வது மரியாதைக் குறைவு என்று எங்கேயோ படித்து வைத்திருக்கிறார்கள். வடமராட்சிப் பக்கத்து ஐயா ஒருவர். இரவில் குளிர்ந்து நடுங்கியிருக்கிறார். சூடு பார்க்கப் போன நேர்ஸ் பிள்ளையிடம், ‘ஒண்டுமில்லைப் பிள்ளை, இப்பதான் கண்ணயர்ந்தனான், காலமை பாருங்கோ’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிள்ளைக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாதாம். விடியப் பார்த்தபோது பிரஷர் விழுந்து கிடந்தது. ஐ.சி.யூ. போய்த் தப்பி வந்தார். பிறகு என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார்!

வெண்கலம் இல்லாத உடம்பில் சீழ் கட்டாது, சிவக்காது, வீங்காது. கிருமி உள்ளே வந்துவிட்டது என்று காட்டிக் கொடுக்க மிஞ்சியிருப்பது காய்ச்சல் ஒன்றுதான். சிலவேளை அதுவும் வராது, வெறும் நடுக்கம், அல்லது ஆள் சம்பந்தமில்லாமல் கதைப்பார். 100.4 பாரன்ஹைட், அதாவது 38 செல்சியஸ் தொட்டால் இரத்தம் எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோட்டிக் ஏற்ற வேண்டும். அதனால் உங்கள் கைப்பையில் பனடோல் வைத்திருக்காதீர்கள். தலையிடி என்று அப்பா கேட்பார், நீங்களும் பாசத்தில் இரண்டு குளிசை கொடுப்பீர்கள், காய்ச்சல் மறைந்துவிடும், கிருமி மறையாது.

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். குடித்தது, சலம் போனது, வயிற்றால் போனது, சத்தி எடுத்தது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். ‘கொஞ்சம் போனது’ என்று எழுதாமல் எத்தனை தரம், என்ன நிறம் என்று எழுதுங்கள். அப்பா உங்களிடம் மட்டும் சொல்கிற விஷயங்கள் இருக்கும்: விழுங்கும்போது தொண்டை எரிகிறது, பின்பக்கம் நோகிறது, மூச்சு வாங்குகிறது. அதை அவர் சார்பில் நீங்கள் வந்து சொல்லுங்கள். அப்புறம் கை. அறைக்குள் போகும்போதும் வரும்போதும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், மோதிரமும் காப்பும் வீட்டில் இருக்கட்டும். உங்களுக்குத் தடிமன் பிடித்தால் அன்றைக்கு வேறு யாராவது நிற்கட்டும்.

கேள்வி: என் கணவருக்கு மருந்து ஏற்றும்போது ஐஸ் கட்டி சூப்ப வேண்டுமாம். அவர் சளி ஆள், குளிர் தண்ணீரே குடிக்க மாட்டார். இது உண்மையா, அல்லது யாரோ பகிடிக்குச் சொன்னதா? (சுன்னாகம் வாசகி)

பதில்: உண்மைதான் தங்கச்சி. இந்தச் சிகிச்சை முழுவதிலும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தருகிற காரியம் வேறு இல்லை. ஐஸை வாயில் வைத்திருந்தால் வாயின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். மெல்ஃபலான் அங்கே குறைவாகப் போகும். அந்த மருந்து இரத்தத்தில் நெடுநேரம் நிற்பதில்லை என்பதால்தான் இந்த உபாயம் வேலை செய்கிறது. மருந்து ஏறத் தொடங்குமுன்பே வாயில் ஐஸ் இருக்க வேண்டும், ஏறும்போது இருக்க வேண்டும், முடிந்த பின்னும் அரை மணித்தியாலமாவது இருக்க வேண்டும். இன்னும் நீளமாக வைக்கச் சொல்கிற பிரிவுகளும் உண்டு. சும்மா ஒரு கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்தால் போதாது. நாக்கின் கீழ், இரண்டு கன்னம், அண்ணம் என்று உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஐஸால் சளி பிடிக்காது என்று எங்கள் ஆட்களை நம்ப வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். பல் கூசும், தலை விறைக்கும், அது உண்மை. நாங்கள் அங்கே கொடுப்பது கொதித்தாறிய தண்ணீரில் செய்த ஐஸ். தெருவில் மணியடித்து வருகிற ஐஸ்பழம் அல்ல. ஐஸை ஒழுங்காகச் சூப்பிய பலருக்கு வாய்ப்புண் லேசாகப் போயிருக்கிறது. துப்பிவிட்டு ‘சூப்பினனான்’ என்று சொன்னவர்கள் எட்டாம் நாள் தண்ணீர் விழுங்க அழுததையும் பார்த்திருக்கிறேன்.

வாய்க்கு வேறு என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். உப்புத் தண்ணீராலோ அங்கே தருகிற சோடாத்தூள் கரைத்த தண்ணீராலோ ஒரு நாளில் நாலைந்து தரம், சாப்பிட்ட பின்னும் படுக்க முன்னும் கொப்பளிக்க வேண்டும். மிக மென்மையான பிரஷ். வேப்பங்குச்சி, உமிக்கரி, கிராம்பு எண்ணெய் ஒன்றும் கிட்ட வரக்கூடாது. ஸ்பிரிட் கலந்த வாய் கழுவும் மருந்தும் வேண்டாம். பொய்ப்பல் இருந்தால் அந்த நாட்களில் கழற்றி வைத்துவிட வேண்டும்.

கேள்வி: மருமகன் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரப் போகிறார். உடம்பு தேற என்ன சமைத்துக் கொடுக்கலாம்? ஒடியல் கூழ், இலைக்கஞ்சி, பப்பாசி இலைச் சாறு எல்லாம் கொடுக்கச் சொல்கிறார்கள். கோயில் தீர்த்தம்? (கரவெட்டியிலிருந்து ஒரு மாமி)

பதில்: மாமி, உங்கள் கைப்பக்குவத்தில் எனக்குச் சந்தேகமில்லை. கிணற்றிலும் கத்தியிலும் தேங்காய்த் துருவலிலும்தான் சந்தேகம்.

முந்தி வாட்டுகளில் இது கூடாது, அது கூடாது என்று நீளமாகப் பட்டியல் கொடுப்போம். ஆய்வுகளில் அந்தக் கடும் பத்தியம் பெரிதாகத் தொற்றைக் குறைக்கவில்லை என்று தெரிந்த பிறகு பல இடங்களில் தளர்த்திவிட்டார்கள். இப்போது சொல்வது ஒன்றுதான்: சுத்தமாகச் செய்தது, நன்றாக வெந்தது, சூடாகச் சாப்பிடுவது. உங்கள் பிரிவு தந்த தாளில் என்ன இருக்கிறதோ அதுவே கடைசிச் சொல்.

அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் சாப்பாட்டில் முக்கால்வாசி தப்பிவிடும். இடியப்பம், புட்டு, சொதி, குழைய வடித்த சோறு, பருப்பு, முழுக்க அவித்த முட்டை, மீன் குழம்பு எல்லாம் சரி. தப்பாதது சம்பல். பச்சைத் தேங்காய், பச்சை வெங்காயம், கையால் பிசைவது என்று எல்லாம் சேர்ந்தது அது. பச்சடியும் அப்படித்தான். வீட்டில் உறைய வைத்த தயிரை வெண்கலம் தேறும் வரை தள்ளி வையுங்கள். தண்ணீர் எதுவானாலும் கொதிக்க வைத்து ஆறியது. கிணறு நல்ல கிணறாக இருந்தாலும் சரி. பழம் என்றால் தோல் தடித்தது, கழுவிவிட்டு உரித்தது. காலையில் சமைத்ததை மூடி வைத்து இரவில் கொடுக்கிற பழக்கம் இந்த வீட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

கூழ் எனக்கும் உயிர். ஆனால் ஒடியல் கூழில் புளியும் மிளகாயும் இருக்கிறது. வாய் ஆறாத ஆளுக்கு அது நெருப்பு. வாய் ஆறின பிறகு, நண்டும் இறாலும் நன்றாக வெந்திருந்தால் கேட்டுக் கொடுங்கள். அதுவரை பால்கஞ்சி, உழுத்தம்மாக் களி, ஆறவிட்ட சூப். ஒரே தரத்தில் கோப்பை நிறைய வைக்காதீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கொஞ்சமாக வையுங்கள். மிச்சம் விட்டால் முகத்தைத் தூக்காதீர்கள். நாக்கில் ருசி திரும்பக் கிழமைக்கணக்கில் எடுக்கும். மாமியின் சமையலில் குறை என்று அர்த்தமில்லை.

பப்பாசி இலைச் சாறு டெங்குக் காலத்தில் வந்த பழக்கம். பச்சையாக அரைத்து வடித்த எந்தச் சாறும் இந்த நேரத்தில் கிருமியைக் கையில் கொடுக்கிற மாதிரி. அதோடு நாட்டு மருந்து எதுவானாலும் வைத்தியரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். சிறுநீரகம் ஏற்கெனவே அடிபட்ட ஆட்கள் இவர்கள். செவ்விளநீரும் அப்படித்தான், அதில் பொட்டாசியம் கூட. சிறுநீரகம் சரியில்லை என்றால் அது ஆபத்து.

தீர்த்தம் வேண்டாம், பிரசாதமும் வேண்டாம், அறையில் பூவும் வேண்டாம். திருநீற்றைப் பொட்டலமாகவே சாமிப்படத்தடியில் வையுங்கள். முருகன் கோபிக்க மாட்டார்.

கேள்வி: சிகிச்சை நடந்த அன்று அறை முழுக்க உள்ளி மணம். அப்பாவின் மூச்சிலும் அதே மணம், சலம் சிவப்பு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிழையாக ஏதும் நடந்ததா? (சாவகச்சேரி)

பதில்: இல்லை. கலங்களை உறைய வைக்கும்போது பழுதாகாமல் இருக்க ‘டி.எம்.எஸ்.ஓ.’ என்ற திரவம் சேர்ப்பார்கள். அது மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும்போது வருகிற மணம் அது, ஒன்றிரண்டு நாளில் போய்விடும். உறைந்து இளகியபோது உடைந்த சிவப்புக் கலங்களால் சலம் சிவக்கும். முதலே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது அங்கே நின்றவர்களின் பிழை. ஏற்றும்போது வாயில் ஒரு தோடம்பழ இனிப்பு இருந்தால் பிரட்டல் குறையும். சில இடங்களில் உறைய வைக்காமல், குளிரூட்டியில் ஓரிரு நாள் மட்டும் வைத்து ஏற்றுகிறார்கள். அங்கே இந்த மணம் வராது.

கேள்வி: நான் தாதியப் பயிற்சி மாணவி. மாற்றுச் சிகிச்சைக்கு வருகிற எல்லா நோயாளிக்கும் தொற்றுப் பராமரிப்பு ஒன்றுதானே. மைலோமா நோயாளியில் தனியாக எதைக் கவனிக்க வேண்டும், சிஸ்டர்? (யாழ்ப்பாணம்)

பதில்: நல்ல கேள்வி. பரீட்சைக்குக் கேட்கிறாயா, வாட்டுக்குக் கேட்கிறாயா தெரியவில்லை. வாட்டுக்கென்று எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

எலும்பு முதலில். இந்த நோயாளியைக் கட்டிலில் எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதே. அரித்த எலும்பு உன் கையிலேயே முறியும். ஸ்கானில் முள்ளந்தண்டு எங்கே பழுது என்று படுக்க வைக்க முதல் கேட்டு அறிந்துகொள். புரட்டுவது என்றால் இரண்டு பேர், தலையும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி. வாட்டில் ஒருவர் ‘கால் பாரமாக இருக்கு’, ‘சலம் வருகுதில்லை’ என்று சொன்னால் களைப்பு என்று எழுதிவிட்டுப் போகாதே. முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடுகிற நரம்புத் தண்டு, நசிபடுகிறதோ என்று அந்த நிமிடமே டொக்டரைக் கூப்பிடு. அது மணித்தியாலக் கணக்கில் நடக்கிற காரியம்.

இரண்டாவது சிறுநீரகம். காலையும் மாலையும் நிறை பார்க்கச் சொல்வார்கள், மாணவர்களுக்கு அது பஞ்சி பிடித்த வேலை. ஆனால் உள்ளே போன தண்ணீர் எங்கே நிற்கிறது என்று முதலில் சொல்வது அந்தத் தராசுதான். நோவுக்கு டைக்ளோபெனாக், இபுபுரூபன் எழுதியிருந்தால் கொடுக்க முன் கேள். மைலோமா சிறுநீரகத்துக்கு அந்த வகை ஆகாது, சிறுதட்டு (இரத்தம் உறைய உதவுகிற கலம்) குறைந்த நேரத்தில் இரத்தக் கசிவுக்கும் வழி. மெல்ஃபலான் வழக்கமாக ஒரு சதுர மீற்றருக்கு 200 மில்லிகிராம். சிறுநீரகம் பலவீனமானவருக்கு 140 ஆகக் குறைப்பதுண்டு. சீட்டில் உள்ள அளவையும் உயரம், நிறையையும் இரண்டு தாதிகள் தனித்தனியே கணக்குப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது நரம்பு. முன்பு போட்ட போர்ட்டிசோமிப் ஊசியாலோ தலிடோமைட்டாலோ பாதம் விறைத்திருக்கும். செருப்புக் கழன்று விழுந்தாலும் தெரியாது. இரவில் மலசலகூடத்துக்குத் தனியே விடாதே. சிறுதட்டு பத்தாயிரத்துக்குக் கீழே இருக்கிற ஆள் விழுந்து தலை அடிபட்டால் என்ன ஆகும் என்று யோசி.

மற்றவை உனக்குத் தெரிந்தவை, ஆனாலும் சொல்கிறேன். குழாயின் வாயை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் தேய்த்து, காய விட்டுத்தான் திறக்க வேண்டும். காய்கிற நேரம் வரை பொறுக்க முடியாத தாதிதான் கிருமிக்கு வாசல் திறக்கிறவள். குதவழியாக ஒன்றும் கூடாது, வெப்பமானியும் இல்லை, மருந்தும் இல்லை. தசையில் ஊசி போடாதே. இரத்தமும் சிறுதட்டும் கதிர் பாய்ச்சிய பையா என்று சீட்டைப் பார். வாயை ஒவ்வொரு ஷிப்டிலும் டோர்ச் அடித்துப் பார்த்துத் தரம் எழுது: சிவந்து நோகிறது 1, புண் உண்டு ஆனால் திண்மச் சாப்பாடு இறங்குகிறது 2, நீராகாரம் மட்டும் 3, ஒன்றுமே இறங்காது 4. மூன்று வந்துவிட்டால் நோ மருந்து கேட்டு வாங்க வேண்டியது நீ. நோயாளி கேட்கும் வரை காத்திருந்தால், எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள். ‘நோகுதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். ‘பத்துக்கு எத்தனை?’ என்று கேள். அதற்கும் சிரித்தால் துப்பல் விழுங்கச் சொல்லி முகத்தைப் பார்.

எண்ணிக்கை ஏறுகிற நாட்களில் எல்லாரும் ஆறுதல் அடைவார்கள். அந்த நேரத்தில் திடீரென்று காய்ச்சல், தோலில் சிவப்பு, நிறை கூடுதல், மூச்சு வாங்கல் சேர்ந்து வந்தால் கலங்கள் முளைக்கும்போது வருகிற எதிர்வினையாகவும் இருக்கலாம். ஸ்டீரொயிட்டுக்கு அது அடங்கும். எது என்று முடிவெடுப்பது டொக்டர், நேரத்தோடு சொல்வது நீ.

கேள்வி: நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருக்கிற தம்பிக்கு மைலோமா. என்னுடைய ஸ்டெம் செல்லைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தும், அவருடையதையே எடுத்து அவருக்கே கொடுக்கப் போகிறார்களாம். நோயுள்ள உடம்பிலிருந்து எடுத்தால் என்ன பிரயோசனம்?

பதில்: மைலோமாவில் நோயோடு சண்டை போடுவது மெல்ஃபலான். ஸ்டெம் செல் வருவது அந்த மருந்தால் வெறுமையான மச்சையைத் திரும்ப எழுப்ப. இலண்டன் றோயல் மார்ஸ்டன் வைத்தியசாலையில் மக்எல்வெய்ன், பவுல்ஸ் என்ற இரண்டு வைத்தியர்கள் மெல்ஃபலானை ஒரு சதுர மீற்றருக்கு 140 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்து 1983இல் எழுதினார்கள். கலங்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நோய் நன்றாக அடங்கியது, ஆனால் மச்சை எழும்ப நெடுநாள் பிடித்து நோயாளிகள் அவதிப்பட்டார்கள். பிறகுதான் சொந்தக் கலங்களை எடுத்து வைத்துத் திருப்பி ஏற்றும் முறை நிலைத்தது. உங்களுடையதை ஏற்றினால் உங்கள் கலங்கள் தம்பியின் உடம்பையே வேற்று என்று தாக்கக்கூடும். அந்த ஆபத்தை மைலோமாவில் பெரும்பாலும் எடுப்பதில்லை. சொந்தக் கலத்தில் சிகிச்சையால் இறப்பது நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான். உதவி செய்ய விரும்பினால் தம்பியோடு நிற்கிறவருக்குக் கொழும்பில் சுத்தமான ஓர் அறை பிடித்துக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது. சிகிச்சை முடிந்து வந்து இரண்டு மாதம். கொஞ்சம் நடந்தாலே களைக்கிறது. மனைவி நல்லூரில் நான் அங்கப்பிரதட்டை செய்வதாக நேர்த்தி வைத்திருக்கிறா. செய்யலாமா? தோட்டம் கொத்தலாமா? நோய் போய்விட்டதா? (பருத்தித்துறை)

பதில்: ஐயா, நேர்த்தியை அக்காவே அடியழித்து முடிக்கட்டும். முள்ளந்தண்டு பழுதான ஆள் மணலில் உருளக்கூடாது. அந்தச் சனத்துக்குள், அந்தப் புழுதிக்குள் இந்த வருடம் நீங்கள் நிற்கவும் வேண்டாம். தேரை வீட்டில் ரிவியில் பாருங்கள்.

களைப்பு மூன்று மாதமும் இருக்கும், ஆறு மாதமும் இருக்கும். படுத்தே கிடந்தால் கூடும். காலையும் மாலையும் ஒழுங்கை முனை வரை, செருப்புப் போட்டுக்கொண்டு நடங்கள். முற்றத்தில்கூட வெறுங்கால் வேண்டாம். விறைத்த காலில் நெருஞ்சி முள் ஏறினால் உங்களுக்குத் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். மண்வெட்டி, கிணற்று வாளி, நெல் மூட்டை மூன்றையும் தொடாதீர்கள். சாணி, எரு, கூளம் கிளறுகிற இடத்தில் பூஞ்சணம் பறக்கும். அது நுரையீரலுக்குப் போனால் பெரிய கரைச்சல்.

வைரஸுக்கென்று தந்த குளிசையை நன்றாயிருக்கிறது என்று நிறுத்தாதீர்கள். அக்கி வராமல் காப்பது அது. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிந்து கொப்புளம் போட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும், காவி பூசிக்கொண்டு இருக்கக்கூடாது. கொப்புளிப்பான் வந்த வீட்டுக்கும் போகாதீர்கள். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் இந்தச் சிகிச்சையோடு பெரும்பாலும் போய்விடும். ஆறு மாதமளவில் திரும்பப் போடத் தொடங்குவார்கள். உயிருள்ள கிருமி கொண்டவை இரண்டு வருடத்துக்கு முன் கூடாது. எலும்புக்கு ஊசி மருந்து போடுகிறார்கள் என்றால் பல் பிடுங்க முதல் பல் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

சிகிச்சை விபரம் எழுதிய கடிதத்தைப் படம் எடுத்துப் போனில் வையுங்கள், மூலப்பிரதியை வாசல் அலுமாரியில் வையுங்கள். காய்ச்சல் வந்தால் 1990க்கு எடுத்து அம்புலன்ஸில் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். போனவுடன் ‘ஸ்டெம் செல் சிகிச்சை செய்த ஆள்’ என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். வரிசையில் பத்தாவது ஆளாக இருந்து ‘ஒண்டுமில்லை, லேசாச் சுடுது’ என்று சொல்லாதீர்கள்.

நோய் போய்விட்டதா என்று நேரே கேட்டிருக்கிறீர்கள், நேரே சொல்கிறேன். மைலோமாவைப் பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சிகிச்சை அடியோடு எடுத்துவிடுவதில்லை. அடக்கி வைக்கிறது, பலருக்கு வருடக்கணக்கில். அந்தக் காலத்தை நீட்டத்தான் லெனலிடோமைட் குளிசை தந்திருப்பார்கள். அதை உடைக்கக் கூடாது. வீட்டில் கர்ப்பமான மகளோ மருமகளோ இருந்தால் அவர் கையால் அதைத் தொடவே கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், அல்லது திடீரென்று மூச்சு வாங்கினால் இரத்தம் கட்டியிருக்கலாம். கிளினிக் திகதி வரும் வரை பார்த்திருக்காதீர்கள்.

கேள்வி: முடி கொட்டுமாமே. முன்கூட்டியே மொட்டை அடித்துக்கொண்டு போகலாமா? (மானிப்பாய்)

பதில்: போகலாம். சவரக் கத்தியால் வேண்டாம், மெஷினால் அடியுங்கள். தாடிக்கும் அப்படியே. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முடி திரும்ப வரும். சிலருக்கு முதலில் சுருளாக முளைக்கும்.